குட்டை இழை

தீவனச் சாக்கு. வாயைச் சணலால் கட்டி
என் பேருந்தின் பின்னிருக்கையில்
பயணி போல உட்கார வைத்திருந்தார் கிப்பி மோவட்.
கண்புரை அறுவைக்கு லெர்விக் வரை
இரண்டு முறை ஏற்றிப் போனதற்கு நன்றியாம்.
வாயால் சொல்லவில்லை. சாக்கு சொல்லட்டும் என்று
உல்ஸ்டா துறையில் இறங்கி நடந்துவிட்டார்.

தார்ப்பாயில் விரித்தேன்.
ஓர் ஆட்டின் முதல் உடுப்பு, தலையும் காலும் இல்லாமல்.
ஓரங்களில் சாணம் கருமணியாக உருண்டிருந்தது;
கிள்ளி எறிந்தேன்.
கத்தரி இரண்டாம் முறை ஓடிய இடங்களில்
அரிசி நொய் போலத் துணுக்குகள்.
விட்டுவைத்தால் நூலெல்லாம் பரு.
உதறினேன். காற்று தன் பங்கை எடுத்துக்கொண்டது.
யெல் தீவில் காற்றுக்குப் பங்கு வைக்காமல்
எந்த வேலையும் முடியாது.

ஒரு கொத்தைக் காதருகே சுண்டினேன்.
‘டிங்’ என்றது. நல்ல திடம்.
நீளம்தான்
விரற்கடை இரண்டு, அதற்குமேல் ஓர் எள் இல்லை.
இதை நூற்பதற்குப் பனிமூட்டத்தை நூற்கலாம்
என்றேன் பூனையிடம்.

கை பொறுக்காத வெந்நீர், பாத்திர சோப்பு.
கலக்கக் கூடாது, கசக்கக் கூடாது.
அமிழ்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
அவசரக்காரிக்குக் கிடைப்பது கம்பளியல்ல, கால்மிதி.
முதல் தண்ணீர் தேநீர் நிறம்.
அடுத்ததில் கிப்பியின் காவி கரைந்தது,
தன் ஆடுகளின் தோளில் அவர் பூசும் செங்காவி.
தொட்டி சிவந்தது, வெளுத்தது.
அடியில்
நீலம்.
மூன்றாம் தண்ணீருக்கும் அசையவில்லை,
நான்காவதற்கும்.
என் டப்பா நீலம்.

போன கோடையில் பதினான்கு குட்டிக்குக் குறி வைத்தேன்.
இலையுதிரில் எண்ணினால் பதின்மூன்று.
அண்டங்காக்கையைத் திட்டினேன்,
ஓர் ஆண்டு, பார்த்த இடமெல்லாம்,
அதன் ஏழு தலைமுறையையும் சேர்த்து.

உலர்ந்ததை முள்பலகைகளுக்கு இடையில் வைத்து வாரினேன்.
கோபத்தோடு வாரினால் இழை உடையும்.
அன்று நிறைய உடைந்தது.
புரை விழுந்த கண்ணுக்கு, மங்கிய மாலையில்,
நீலம் எது, ஈரம் எது?
வேலிக்கு அந்தப் பக்கம் நின்றதெல்லாம்
அவருடையதாகத்தான் தெரிந்திருக்கும்.
சரி.
ஆனால் ஜூனில் கத்தரி பிடித்த கண் புதியது.

வாரியதைப் பலகையின் முதுகில் உருட்டினால்
ஒரு சுருள். பாதி கம்பளி, பாதி காற்று.
இரு விரலால் இறுக்கி இழுத்தால்
குட்டை இழை கையோடு வந்துவிடும்.
பிடியைத் தளர்த்த வேண்டும்.
மிதித்து, முறுக்கை உள்ளே விட்டு,
சுருளைப் பின்னுக்கு, இன்னும் பின்னுக்கு,
இடுப்பு தாண்டி, தோள் தாண்டி, கை எட்டும் மட்டும்.
முறுக்கு முதலில் ஓடுவது மெலிந்த இடத்துக்கு;
அங்கேதான் இறுகி நின்றுகொள்கிறது.
தடித்த இடம் நெகிழ்ந்தே கிடக்கிறது,
இழுக்க இழுக்க அதுவும் மெலிந்து
தன் முறுக்கை வாங்கிக்கொள்ளும்வரை.
இருபது வருடம் நூற்றும்
அன்றுதான் இதைக் கவனித்தேன்.
கவனித்த நேரத்தில் நூல் அறுந்தது.

வெள்ளிக்கிழமை,
முதியோர் இலவசச் சீட்டுள்ள கிப்பி
கட்டணத் தட்டில் நாணயங்களை எண்ணி வைத்தார்.
“சீட்டு இருக்கே?”
“இருக்கு.”
இருவரும் அவற்றைத் தொடவில்லை.
திருப்பத்துக்குத் திருப்பம் கிலுகிலுத்தன.

“கம்பளி எப்படி?”
“குட்டை.”
“முதல் வெட்டு அப்படித்தான்.”
“கழுவிட்டேன்” என்றேன்.

புதுக் கண்ணால் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.
இறங்கும் படியில் நின்று,
“அடுத்த ஏப்ரலில் ஈனும்.
இரட்டையாகவும் இருக்கலாம்.”

கியர் மாற்றினேன்.
வீட்டில் கதிர் பாதி நிறைந்திருக்கிறது.
நீலம் பட்ட கொத்தை ஒதுக்கவில்லை;
மற்றதோடு சேர்த்தே வாரிவிட்டேன்.
தேடினால் தெரியும், அங்கங்கே, நரம்பு போல.

வேலிக்கம்பத்தில் ஓர் அண்டங்காக்கை.
ஹாரன் அடித்தேன்,
மன்னிப்பாக.